மே மாதத்துக்குள் தெளிய வேண்டிய தண்ணீர்

வங்கக் கடலின் தென்கிழக்கே, வடக்கில் டங்கன் கால்வாயும் தெற்கில் பத்துப் பாகைக் கால்வாயும் எல்லைகளாக அமைந்த லிட்டில் அந்தமான் தீவில், ஓர் ஆண்டில் ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை பெறும் மழையைப் போல் இது இரண்டு மடங்கு. அத்தனை மழை பெய்யும் தீவின் முதன்மை ஊரான ஹட் பேயில் குடிநீர் எப்படிச் சிக்கலாகும் என்று தமிழ்நாட்டு வாசகருக்குத் தோன்றுவது இயல்பே. விடை மழையின் அளவில் இல்லை, அது பெய்யும் மாதங்களில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நாட்டில் முதன்முதலாக எட்டிப்பார்க்கும் இடம் அந்தமான் கடல். மே மாதத்தின் மூன்றாம் வாரம் வாக்கில் தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவத்தையும் சேர்த்துக்கொண்டு டிசம்பர் வரை நீள்கிறது. பின்னர் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓடைகள் மெலிந்து, கிணறுகள் இறங்கி, முறை வைத்துத் தண்ணீர் விடும் நிலை வருகிறது. கோடையில் நீர் தெளிவாக இருக்கும், ஆனால் போதாது. மழையில் வேண்டிய மட்டும் இருக்கும், ஆனால் செம்மண்ணும் களிமண்ணும் இலைமக்கும் கலந்து கலங்கி வரும். ஊரின் வடிகட்டும் நிலையத்தை மேம்படுத்தும் எந்தத் திட்டமும் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே கிடைக்கும் நான்கைந்து மாத இடைவெளிக்குள் நடந்தாக வேண்டும் என்பதே ஹட் பேயின் நெருக்கடி.

போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் இந்தத் தீவில் 2011 கணக்கெடுப்பின்படி 18,800 பேர் வாழ்ந்தார்கள். காலங்காலமாகத் தீவுக்கு உரியவர்களான ஓங்கே மக்கள் டுகாங் கிரீக் பகுதியில் சிறு எண்ணிக்கையில் எஞ்சியிருக்க, கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும், ஹர்மிந்தர் பேயில் குடியேறிய நிகோபாரிகளும், வேலை தேடி வந்த தமிழர், தெலுங்கர், ராஞ்சிக்காரர்களும் கிழக்குக் கரையோரச் சாலையை ஒட்டி நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம் என அடுத்தடுத்து ஊர் கண்டார்கள். நகராட்சி என்று ஒன்று இந்த யூனியன் பிரதேசத்தில் போர்ட் பிளேருக்கு மட்டுமே இருப்பதால், மற்றத் தீவுகளைப் போலவே இங்கும் குடிநீர்ப் பணி அந்தமான் பொதுப்பணித் துறையைச் சார்ந்தது.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் 2024க்குள் குழாய் இணைப்பு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்று இலக்கு வைத்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் 2021 மார்ச்சிலேயே எல்லா ஊரக வீடுகளுக்கும் இணைப்புத் தந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டன. சிதறிக் கிடக்கும் தீவுகளில் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் இதைச் செய்தது பாராட்டத்தக்க வேகம். ஆயினும் குழாய் பதிப்பதில் காட்டக்கூடிய வேகம் வேறு, அந்தக் குழாயில் எல்லா மாதங்களிலும் குடிக்கத் தகுந்த நீர் வரச் செய்வதில் காட்டக்கூடிய வேகம் வேறு. திட்டத்தை 2028 வரை நீட்டித்த 2025 நிதிநிலை அறிக்கையும் இனி தரத்திலும் பராமரிப்பிலும் கவனம் என்றே சொல்கிறது. வடிகட்டுதல் என்ற வேலையில் அவசரப்படுத்தத் தகுந்த பகுதி எது, தகாத பகுதி எது என்று பிரித்தறிந்து அட்டவணை போடுவதில்தான் ஒரு சிறிய ஊரின் நலம் தங்கியிருக்கிறது.

கலங்கல் என்பது கண்ணுக்கு உறுத்தும் குறை மட்டுமன்று. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியை எவ்வளவு சிதறச் செய்கின்றன என்று கருவியால் அளந்து அதை ஓர் அலகாகச் சொல்வார்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அந்த அலகில் 1 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வரையறுக்கிறது. துகள்களின் மறைவில் கிருமிகள் ஒண்டிக்கொள்வதாலும், துகள்களோடு வரும் கரிமப் பொருள் குளோரினைத் தின்றுவிடுவதாலும், கலங்கிய நீரில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட்டாலும் அதை நம்ப முடியாது. வடிகட்டுதல் சரியாக நடந்தால்தான் அதற்கு அடுத்த கட்டமான கிருமிநீக்கம் வேலை செய்யும்.

லிட்டில் அந்தமானின் கரையோரத் தாழ்நிலங்களில் பவளச் சுண்ணாம்புக்கல் பரவலாக இருக்கிறது. அதன் துளைகளில் தேங்கும் மழைநீர் கடல்நீருக்கு மேலே மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. இந்த விதியை மறுபக்கமாகப் படித்தால், மேலே ஒரு சாண் அளவுக்கு நீர் இறங்கினாலே கீழே உப்புநீர் பல மீட்டர் ஏறிவிடும் என்பது விளங்கும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஹட் பேயின் கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. இத்தகைய நிலத்தில் அலை ஏறிய கிணறு நன்னீருக்குத் திரும்பப் பல மழைக்காலங்கள் ஆகும். ஆகவே தாழ்ந்த கரையில் ஆழ்துளை போட்டு இழுப்பது எளிய மாற்றாகாது. உள்நிலத்துக் காட்டிலிருந்து இறங்கும் ஓடைகளையும் ஊற்றுகளையும் தேக்கி, வடிகட்டி, ஊருக்கு அனுப்புவதே நிலைத்த வழி.

மணல் என்னும் முதல் சிக்கல்

மணல் வழியே நீரை வடிகட்டி ஊருக்கு வழங்கும் முறையை லண்டனின் செல்சி குடிநீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்சன் 1829இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சென்னைக்கு அது கீழ்ப்பாக்கத்தில் 1914இல் வந்தது. அதுவரை செங்குன்றம் ஏரி நீர் வடிகட்டாமலே நகருக்குள் வந்துகொண்டிருந்தது. இந்த மந்த மணல் வடிகட்டியில், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பரப்பிய நுண்மணலின் மேல் நீர் மணிக்குப் பத்து, இருபது சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல இறங்குகிறது. மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து ஒரு வழவழப்பான படலம் உருவாகும். கிருமிகளைப் பிடித்து உண்ணும் பணியில் பெரும்பங்கு இந்த உயிர்ப்படலத்துடையது. படலம் முதிராத வடிகட்டி பாதி வடிகட்டிதான். எந்த ஒப்பந்தக்காரர் வந்தாலும் அது முதிரும் காலத்தைக் குறைக்க முடியாது. இன்னொரு வகையான விரைவு மணல் வடிகட்டியில், முதலில் படிகாரம் கலந்து துகள்களைத் திரட்டிப் படியவைத்து, தெளிந்த நீரைப் பருமணல் வழியே மணிக்கு ஐந்து மீட்டர் அளவு வேகத்தில் செலுத்துகிறார்கள்; அழுக்கேறியதும் கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சி மணலை அலசி எடுக்கிறார்கள்.

பத்தாயிரம் பேர் கொண்ட ஓர் ஊருக்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு ஐந்தரை லட்சம் லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். மணிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் இயங்கும் மந்த வடிகட்டிக்குச் சுமார் 230 சதுர மீட்டர் பரப்பும், அதை நிரப்ப ஏறத்தாழ 370 டன் மணலும் தேவைப்படும். விரைவு வடிகட்டிக்கோ ஐந்து சதுர மீட்டருக்கும் குறைவான பரப்பும் ஐந்து டன் அளவுக்கு மணலும் போதும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் இந்த வேறுபாடு சில லாரி நடைகளோடு தீர்ந்துவிடும். ஹட் பேயில் அது கப்பல் கணக்கு.

தீவைச் சுற்றிலும் மணல் கிடக்க, மணலைக் கப்பலில் ஏற்றுவானேன் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. அந்தமான் கடற்கரைகளில் மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்க உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்டிருக்கிறது. அலையைத் தாங்கும் கரையை அரித்துவிட்டுக் குடிநீர் தேடுவது அறிவுடைமை ஆகாது. அடுத்தது வேதியியல் சார்ந்தது. வடிகட்டிக்கான மணலில் குறைந்தது 90 விழுக்காடு சிலிக்கா இருக்க வேண்டும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் கரையும் பங்கு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தியப் பொறியியல் கையேடுகளின் விதி. இந்தத் தீவுகளின் வெண்மணலில் பெரும்பகுதி பவளமும் சிப்பியும் நொறுங்கிய சுண்ணாம்பு. ஒரு கைப்பிடி அள்ளி அமிலம் ஊற்றினால் நுரைத்துப் பொங்கி, ஓரளவு கண்ணெதிரேயே கரைந்துபோகும். அந்த மணலை வடிகட்டியில் இட்டால், படிகாரத்தால் சற்றே அமிலமாகும் நீர் அதைத் தின்று உருவை மாற்றிவிடும். நீரின் கடினத்தன்மையும் கூடும். ஆக, சல்லடையில் சலித்துத் தரம் பார்த்த மணல் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து வேறு கலத்துக்கு மாறித்தான் ஹட் பேயை எட்ட வேண்டும். மே கடைசியில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் இந்தப் பயணத்தின் எந்தத் தேதியும் உறுதியில்லை. பிப்ரவரிக்குள் மணல் துறைமுகத்தில் இறங்காத திட்டம் அந்த ஆண்டுக்குத் தோற்ற திட்டம் என்றே கொள்ள வேண்டும்.

கப்பலில் ஒரே பெட்டியாக வந்து இறங்கும் சவ்வு வடிகட்டிகளும் இன்று கிடைக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளைகள் வழியே நீரைச் செலுத்தும் இவை, படலம் முதிரக் காத்திராமல் முதல் நாளிலேயே பாக்டீரியாவைத் தடுத்துவிடும். ஆனால் அவற்றுக்கு ஓயாத மின்சாரமும், குறித்த காலத்தில் வேதிக் கழுவலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சவ்வும் வேண்டும். டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும், உப்புக்காற்று இரும்பை அரிக்கும் தீவில் உதிரிப்பாகம் ஒன்றுக்காக மாதக்கணக்கில் நிலையம் மூடிக் கிடக்கும் ஆபத்தும் உண்டு. இயந்திரம் தீவில் நிலைக்காது என்று இதற்குப் பொருளில்லை. லட்சத்தீவின் கவரத்தியில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை 2005இல் நிறுவியது. அமைத்துத் தந்த நிறுவனமே அந்தத் தொழில்நுட்பத்தைத் தொடர்ந்து வளர்த்து 2011இல் மினிக்காய், அகத்தித் தீவுகளுக்கும் கொண்டுசென்றது என்பதுதான் அங்கே கவனிக்கத்தக்கது. அத்தகைய துணை உறுதியாக இல்லாத இடத்தில், உள்ளூர் பிட்டர் ஒருவர் கழற்றி மாட்டக்கூடிய விரைவு மணல் வடிகட்டியும், அதற்கு முன்னால் பெருங்கற்களில் தொடங்கிச் சிறுகற்கள் வரை அடுக்கிய முன்வடிகட்டியும் சேர்ந்த அமைப்பே காலநெருக்கடிக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

ஹாம்பர்க் ஓர் ஆண்டைச் சேமித்த கதை

காலநெருக்கடியில் வடிகட்டி கட்டிய ஊர்களில் உலகம் மறக்காதது ஜெர்மனியின் ஹாம்பர்க். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குடித்துவந்த அந்தப் பெருநகரம், நெடுங்காலம் தயங்கிவிட்டு ஒருவழியாக மணல் வடிகட்டிகள் கட்டத் தொடங்கியிருந்த நிலையில், 1892 ஆகஸ்டில் காலரா நுழைந்தது. சில வாரங்களில் ஏறத்தாழ 8,600 பேர் மடிந்தார்கள். அதே ஆற்றின் நீரை, அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த கீழ்ப்பகுதியிலிருந்து எடுத்து, மணலில் வடிகட்டிக் குடித்த அண்டை ஊரான ஆல்டோனாவில் நோய் சிறிதளவே தலைகாட்டியது. எல்லைத் தெருவின் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் சுகம் என்ற அந்தக் காட்சிதான் வடிகட்டுதலின் மதிப்பைப் பற்றிய வாதத்தை முடித்துவைத்தது. ஹாம்பர்க் இரவுபகலாக வேலை செய்து, 1894க்குத் திட்டமிட்டிருந்த நிலையத்தை 1893 மே மாதத்திலேயே திறந்தது.

இந்தக் கதையின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1893இன் தொடக்கத்தில், வடிகட்டி இருந்த ஆல்டோனாவிலேயே காலரா எழுந்தது. நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக் ஆராய்ந்தபோது, உறைபனியில் சுத்தம் செய்யப்பட்ட ஒரு மணற்படுகை சரியாக இயங்காமலே நீரை வெளியே விட்டிருந்தது தெரியவந்தது. நல்ல நிலையிலிருந்த மற்றப் படுகைகளின் நீரோடு அந்த ஒன்றின் நீரும் கலந்துவிட்டதால் குறை மறைந்திருந்தது. ஒவ்வொரு படுகையின் நீரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஒரு கன சென்டிமீட்டரில் நூறு கிருமிகளுக்கு மேல் இருந்தால் அந்த நீரை ஊருக்கு விடக் கூடாது என்று கோக் வகுத்த விதி அங்கிருந்து பிறந்தது. இன்றைய சிறு நிலையம் ஒன்றில் ஒவ்வொரு வடிகட்டியின் வெளிக்குழாயிலும் தனியாக ஒரு மாதிரிக் குழாயும், கழுவிய பின் வரும் முதல் நீரைச் சாக்கடைக்குத் திருப்பிவிடும் வால்வும் இருக்க வேண்டும் என்பதற்கு அந்தக் குளிர்காலமே காரணம். செலவு சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் இந்த வால்வுதான். அதை வெட்ட அனுமதிக்கும் பொறியாளர் ஊருக்குத் தீங்கு செய்கிறார்.

பின்னிருந்து போட வேண்டிய அட்டவணை

ஹட் பே போன்ற ஊரின் அட்டவணையை மே மூன்றாம் வாரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். மழை தொடங்குவதற்கு முன் குறைந்தது மூன்று வாரங்களாவது புதிய வடிகட்டி முழு வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். அதற்கு முன் தொட்டியும் குழாயும் மணலும் குளோரின் நீரில் ஊறிக் கழுவப்பட்டு, அடுத்தடுத்த நாட்களில் எடுத்த மாதிரிகளில், மாசைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமி இல்லை என்று உறுதியாக வேண்டும். ஒவ்வொரு கோலிஃபார்ம் சோதனையும் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வெதுவெதுப்பில் வைத்துப் பார்க்க வேண்டியது. முதல் மாதிரி தவறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். ஏப்ரல் இப்படியே போய்விடும் என்றால், கட்டுமானமும் இயந்திரப் பொருத்தமும் மார்ச்சில் முடிந்தாக வேண்டும். இங்கேதான் தீவின் கடுமை வெளிப்படுகிறது: வேலை செய்யத் தோதான, கடல் அமைதியான இந்த மாதங்களே ஊரில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதங்கள், ஒரு நாள் நிறுத்தினாலும் தாங்காத மாதங்கள். பழைய வடிகட்டியை உடைத்துவிட்டு அதே இடத்தில் புதியதைக் கட்டும் வழக்கமான முறை இங்கே பொருந்தாது. பழையது ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் புதியதை எழுப்பி, அது தேறிய பிறகே பழையதன் மணலை அள்ளிக் கழுவ வேண்டும்.

இவ்வளவும் நடப்பதற்கு முன்பே, பெரிய செலவின்றி முதல் வாரத்திலேயே செய்யத்தக்கது கிருமிநீக்கத்தைச் சீர்படுத்துவது. புதிய பிளீச்சிங் பவுடரில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் குளோரின், வெப்பமும் ஈரமும் மிகுந்த கிடங்கில் சில மாதங்களிலேயே பாதியாகக் குறையக்கூடும். ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மூன்றரைக் கிலோ போதும் என்று பழக்கப்பட்ட ஊழியர், மூட்டை பழசானதை அறியாமல் அதே மூன்றரைக் கிலோவைப் போட்டால், கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்ச வேண்டிய குளோரின் அங்கே இருக்காது. சாப்பாட்டு உப்பைக் கரைத்து மின்சாரம் செலுத்தி அங்கேயே குளோரின் கரைசல் தயாரிக்கும் சிறு கருவிகள் இதற்கு ஏற்ற மாற்று. ஒரு கிலோ குளோரினுக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல் உப்பு போதும், உப்பு கெட்டுப்போவதும் இல்லை.

மார்ச் மாதத்தில் இந்த நிலையத்தைச் சோதிப்பவர்களை ஏமாற்றக்கூடிய ஒன்றும் உண்டு. அப்போது ஓடைநீர் இயல்பாகவே தெளிந்திருப்பதால், எந்த வடிகட்டியும் நல்ல வடிகட்டியாகத் தெரியும். படிகாரம் கூடினாலும் குறைந்தாலும் வேறுபாடு புலப்படாது. ஜூன் மாதத்து நள்ளிரவு மழையில் ஓடை சிவந்து வரும்போது எவ்வளவு படிகாரம் போடுவது என்பதை ஊழியர் அப்போது கற்றுக்கொள்ள முடியாது; ஆகவே ஓடைக்கரையின் களிமண்ணையே கரைத்துக் கலங்கல் நீர் தயாரித்து, ஜாடிச் சோதனையில் முன்கூட்டியே பழக வேண்டும். ஆறு ஒரு லிட்டர்க் குவளைகளில் அந்த நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிப்படியாகக் கூடுதல் படிகாரம் இட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் கால் மணி நேரம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், ஒரு குவளையில் பஞ்சுத் திரள் அடியில் தங்கி மேலே நீர் பளிச்சென்று நிற்கும். அதற்கு இடப்பக்கம் இருப்பது மங்கலாகவே இருக்கும். வலப்பக்கம் இருப்பது வீண்செலவு. வெவ்வேறு கலங்கலுக்கு எந்தக் குவளை தேறியது என்று எழுதி மோட்டார் அறைச் சுவரில் ஒட்டிய பட்டியல், விலை உயர்ந்த எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் சுமார் நான்கு லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளிய நீர், நவீன வடிகட்டும் நிலையம் வழியாகத்தான் வந்தது. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி அதில் கடந்துவந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் அங்கே படிகாரத்துக்குப் பதிலாக வேறொரு திரட்டுப்பொருளுக்கு மாறியிருந்தார்கள். கலங்கல் திடீரென ஏறியபோது புதிய பொருளின் அளவு ஊழியர்களுக்குக் கைவரவில்லை. கருவிகளும் நிபுணர்களும் நிறைந்த பெருநகரத்திலேயே இப்படி நேர்ந்திருக்க, ஹட் பேயின் பம்ப் ஆபரேட்டருக்கு இரண்டு நாள் பயிற்சி போதும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது பொறுப்பற்ற செயல்.

ஓடைக்கு மேலே நிற்கும் காட்டையும் நிலையத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். வேர்ப்பின்னலும் இலைமக்கும் மூடிய சரிவிலிருந்து இறங்கும் நீரின் கலங்கல், மரம் வெட்டிப் பாதை போட்ட சரிவிலிருந்து வருவதைவிட மிகக் குறைவு. தீவின் காட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விடுவித்துப் புதுநகரம் எழுப்பும் யோசனை 2021இல் நாளிதழ்களில் அடிபட்டபோது ஓங்கே மக்களின் உரிமையும் கடலாமைகளின் முட்டையிடு கரையும் விவாதிக்கப்பட்டன. நீர்ப்பிடிப்புச் சரிவு ஒன்று வெறுமையானால் அதன் கீழே உள்ள வடிகட்டிக்குப் படிகாரச் செலவு எவ்வளவு ஏறும் என்ற கணக்கும் அந்த விவாதத்தில் இடம்பெறத் தக்கது.

நிலையத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து ஏற்றுக்கொள்ளும் நாளை மார்ச் மாத இறுதியாக, அதாவது நிதியாண்டின் முடிவாக வைப்பது அரசுத் துறைகளின் பழக்கம். ஹட் பேயில் அந்த நாள் நவம்பராக இருக்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு வடிகட்டியின் கலங்கல் அளவும் நாள்தோறும் குறிக்கப்பட்டு, அவை 1 என்ற அளவுக்குள் நின்றன என்று பதிவேடு காட்டிய பிறகே கடைசித் தவணையை விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் எழுத முடியும். ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டியில் பயிற்சி தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் கடைக்கோடி வீட்டுக் குழாயில் பிடித்த நீர், கிருமி இருந்தால் கறுக்கும் சோதனைக் குப்பியில் ஒரு நாள் வைத்தும் கறுக்காமல் இருந்ததா என்ற குறிப்பும் அந்தப் பதிவேட்டிலேயே, பொறியாளரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.